தமிழருக்கு மருத்துவம் தந்த கிறீன்

நாம் குடியிருக்கும் இவ்விடத்தின் பெயர் வாகட். தமிழில் வாகடம் என்றால் மருத்துவ நூல். மராத்தியப் பெயருக்கும் நம் சொல்லுக்கும் உறவு கற்பிக்க நான் வரவில்லை. ஒலியில் ஓர் ஒற்றுமை, அவ்வளவே. ஆயினும் புனே நகரின் இந்தக் கோடியில் இருந்துகொண்டு சங்க மலருக்கு எதைப் பற்றி எழுதலாம் என்று எண்ணியபோது, அந்தச் சொல்தான் தமிழில் புது வாகடங்கள் படைத்த ஒரு பெரியாரை எனக்கு நினைவூட்டியது. அமெரிக்காவில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் உழைத்து, தமிழரின் மருத்துவராகவே மறைய விரும்பிய டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்.

மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் 1822ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் கிறீன் பிறந்தார். செல்வமும் செல்வாக்கும் உள்ள குடும்பம். தமையனார் ஆண்ட்ரூ கிறீன், பிற்காலத்தில் நியூயார்க்கைச் சுற்றியிருந்த ஊர்களை ஒரே பெருநகராக இணைக்கப் பாடுபட்டுப் பெயர் பெற்றவர். தம்பியின் மனமோ வேறு திசையில் சென்றது. 1845இல் நியூயார்க்கில் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், நோய் தீர்ப்பதையே இறைப்பணியாகக் கொண்டு, 1847இல் அமெரிக்க மிஷனின் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 25. என்னைவிட இரண்டே வயது மூத்தவர்!

அம்மிஷன் 1816 முதலே யாழ்ப்பாணத்தில் வேரூன்றியிருந்தது. வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையாரை நாம் அனைவரும் அறிவோம். அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடரும் 1819இல் மருத்துவ ஊழியராக முதலில் பணி தொடங்கிய இடம் இலங்கையே. அந்த வழியில் வந்த கிறீன், மானிப்பாயில் தம் மருத்துவ நிலையத்தை அமைத்தார்.

அக்காலத்தை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். நோய்களை நுண்ணுயிர்கள் உண்டாக்குகின்றன என்ற கொள்கை இன்னும் நிலைபெறவில்லை. காலராவும் அம்மையும் வந்தால் ஊர் ஊராகச் சாவு விழும். ஒரு தீபகற்பம் முழுவதற்கும் ஒரு மருத்துவர் எம்மட்டும் ஓடுவார்? தாம் ஒருவர் ஆயிரம் பேரைக் குணப்படுத்துவதிலும், குணப்படுத்த வல்லவர்களை அந்த மண்ணிலேயே உருவாக்குவது மேல் என்று கிறீன் கண்டார். 1848இல் ஒரு சில மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு மருத்துவ வகுப்பைத் தொடங்கினார்.

தொடக்கத்தில் பாடம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. மாணவர்கள் நன்றாகவே தேறினார்கள். ஆனால் ஒரு விந்தை நிகழ்ந்தது. ஆங்கிலத்தில் தேறியவருக்கு அரசாங்க உத்தியோகம் காத்திருந்தது. நல்ல சம்பளமும் பட்டணத்து வாழ்வும் அவரை அழைத்தன. எந்தக் கிராமத்து நோயாளிக்காக வகுப்பு தொடங்கப்பட்டதோ, அந்த நோயாளி முன்போலவே கைவிடப்பட்டு நின்றார். ஆகவே, தமிழ் மக்களிடையே தங்கி வாழும் மருத்துவர் வேண்டுமாயின் அவருக்குத் தமிழிலேயே கற்பிக்க வேண்டும் என்று கிறீன் துணிந்தார். இடையில் தாயகம் சென்று, மணம் முடித்து, 1862இல் துணைவியாருடன் திரும்பிய அவர், 1864ஆம் ஆண்டளவில் மேனாட்டு மருத்துவத்தை முற்றிலும் தமிழில் கற்பிக்கலானார்.

துணிவது எளிது, நூல்களுக்கு எங்கே போவது? தாமே ஆக்கினார், மாணவர்களைக் கொண்டும் ஆக்குவித்துத் தாம் திருத்தினார். மகப்பேற்று மருத்துவம் பற்றிய நூல் 1857இலேயே வெளிவந்திருந்தது. அறுவை மருத்துவத்தைக் கூறும் ‘இரண வைத்தியம்’ 1867இல் வந்தது. இலண்டனில் 1858இல் முதற்பதிப்புக் கண்ட கிறேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல், 14 ஆண்டுகளுக்குள் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று தமிழில் வெளிவந்துவிட்டது. 1875இல் ‘கெமிஸ்தம்’; 1883இல் உடலியங்கியலைக் கூறும் ‘மனுஷ சுகரணம்’. எல்லாம் சேர்த்து 4,000 பக்கங்களுக்கு மேல்!

கலைச்சொற்களை அவர் மனம்போனபடி கட்டவில்லை. தமிழ் நூல்களிலும் தமிழ் வைத்தியர் வழக்கிலும் சொல் உண்டா என்று முதலில் தேடினார். இல்லையெனில் வடமொழியை நாடினார். அங்கும் கிட்டாவிடில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இசைய மாற்றிக்கொண்டார். நான் பயிலும் வேதியியலுக்கு அவர் வைத்த ‘கெமிஸ்தம்’ என்ற பெயரே அதற்குச் சான்று. இன்று அச்சொல் வழக்கில் இல்லை. அவர் தேடிச் சென்ற வழி மட்டும் இன்னும் பழுதுபடவில்லை. சொற்றொகுதிகளையும் தனியே அச்சிட்டார், பின்வருவோருக்கு உதவட்டும் என்று.

அவரிடம் பயின்று மருத்துவரானோர் 60க்கு மேற்பட்டவர். அவர்களுள் சுமார் பாதிப்பேர் தமிழிலேயே பயின்றவர்கள். மருத்துவராகிவிட்டோம் என்று தொப்பியும் கால்சட்டையும் அணிந்து ஊராரிடமிருந்து விலகி நிற்பதை அவர் விரும்பவில்லை. உடையாலும் நடையாலும் மாணவர் தமிழராகவே இருக்க வேண்டும் என்றார்.

அவர் சமயம் பரப்ப வந்தவர் என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. மருத்துவமும் கிறிஸ்துவின் நற்செய்தியும் அவருக்கு ஒரே ஊழியத்தின் இரு கைகள். அவர் பிறந்த அதே 1822இல் நல்லூரில் பிறந்தவர் ஆறுமுக நாவலர். கிறீன் மருத்துவ வகுப்பைத் தொடங்கிய அதே 1848இல் நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை நிறுவினார். மிஷனின் சமயப் பணியை நாவலர் வன்மையாக எதிர்த்து நின்றதை நாடறியும். கொள்கையில் இருவரும் இரு துருவங்கள். எனினும் இருவரும் நம்பிச் சென்ற கருவி ஒன்றே. அது தமிழ் உரைநடை. தமிழில் அச்சான நூல். நம் சங்கத்தில் எல்லாச் சமயத்தவரும் இருக்கிறோம். ஒருவர் நம்பிக்கையை ஏற்காமலே அவர் தொண்டை வணங்கலாம் என்பதற்குக் கிறீனைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ?

உடல்நலம் குன்றி 1873இல் அவர் வூஸ்டருக்குத் திரும்பினார். அங்கும் ஓயவில்லை. கடலுக்கு அப்பால் இருந்துகொண்டே தமிழ்ப் படிகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்பினார். 1884 மே 28ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் கல்கத்தாவில் காலராக் கிருமியை உறுதி செய்தார். பகைவன் யாரென்று தெளியாத காலத்திலேயே போர் முழுவதையும் நடத்தி முடித்தவர் கிறீன்! தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று பொறிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அவ்வாறே அவர் கல்லறையிலும் பொறிக்கப்பட்டது.

மானிப்பாயில் அவர் பெயரால் மருத்துவமனை இன்றும் நிற்கிறது. தமிழ்வழி மருத்துவக் கல்விதான் அவருக்குப் பின் நெடுநாள் நீடிக்கவில்லை. ஜப்பானியர் 1774இல் மேனாட்டு உடற்கூற்று நூலொன்றைத் தம் மொழியில் பெயர்த்து, அதன்மேல் மேலும் மேலும் கட்டிக்கொண்டே சென்றார்கள். நமக்கும் அடித்தளம் இடப்பட்டது. அதன்மேல் சுவர் எழுப்ப நம்மிடம் ஆள் இல்லாமற் போயிற்று.

ஊரிலிருந்து தாயார் தொலைபேசியில் அழைத்து, ரத்தப் பரிசோதனைத் தாளில் உள்ள ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்கிறார். ஆய்வுக்கூடத்தில் நாள்தோறும் புழங்கும் அச்சொல்லை அவருக்கு விளங்கும் தமிழில் கூற நம்மில் எத்தனை பேரால் இயலும்? கிறீன் கண்ட உண்மை இதுவே: அறிவு மக்கள் மொழியில் இறங்காதவரை, மருத்துவர் வந்தாலும் நலம் வருவதில்லை. அயல்நாட்டார் ஒருவர் 4,000 பக்கம் எழுதினார். அறிவியல் பயிலும் தோழர்களே, தோழியரே! அவரவர் துறையில், வீட்டிலுள்ள பெரியவர்களுக்குப் புரியும்படி, ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி அடுத்த மலருக்குத் தாருங்கள். என் பக்கத்தை நான் தொடங்கிவிட்டேன்.