அலெக்சாண்டர் பிளெமிங்: மூக்குச் சளியும் மருந்துக்கு அடங்காத கிருமியும்

1921ஆம் ஆண்டின் பிற்பகுதியில், லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் பணியாற்றிய அலெக்சாண்டர் பிளெமிங்கிற்குச் சளி பிடித்தது. தமது மூக்குச் சளியையே கிருமி வளர்க்கும் தட்டில் இட்டுப் பார்த்தார் அவர். சளிக்கு அருகே ஒருவகைக் கிருமிகள் கரைந்துபோயின. அதிலிருந்த நொதிக்கு லைசோசைம் என்று பெயரிட்டார். ஆனால் கொடிய கிருமிகளை அது அவ்வளவாக அசைக்கவில்லை.

ஸ்காட்லாந்தின் டார்வெல் அருகே, 1881 ஆகஸ்ட் 6ஆம் தேதி விவசாயக் குடும்பமொன்றில் பிறந்தவர் பிளெமிங். முதல் உலகப் போரில், பிரான்சில் படைவீரர்கள் புண் சீழ்பிடித்து மடிவதை நேரில் கண்டவர். 1928இல் அவர் ஆராய்ந்துகொண்டிருந்த ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமித் தட்டொன்றில் பூஞ்சை படர்ந்து, பெனிசிலின் வெளிப்பட்டது. அதை மருந்தாக்கியது ஃபுளோரி, செயின் ஆகியோரின் ஆக்ஸ்ஃபோர்டு குழுதான். நோபல் பரிசை மூவரும் 1945இல் பகிர்ந்துகொண்டபோதிலும், புகழின் பெரும்பங்கு பிளெமிங்கிற்கே சென்றது சற்று அநீதியே.

ஆனால் அந்தப் பரிசேற்பு உரையில் அவர் விடுத்த எச்சரிக்கை பலித்தது. மருந்தைக் கடையில் வாங்கிப் போதிய அளவின்றி உட்கொள்பவர்கள், கிருமிகளை எதிர்க்கப் பழக்கிவிடுவார்கள் என்று அவர் அஞ்சினார்.

பிளெமிங் 1955 மார்ச் 11இல் காலமானார். அந்தப் பத்தாண்டிலேயே, பெனிசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் 'எச் பக்' என்ற பெயரில் நியூசிலாந்து மருத்துவமனைகளைக் கலங்கடித்தது. மெதிசிலினையும் எதிர்க்கும் எம்ஆர்எஸ்ஏ 1961இல் பிரிட்டனில் பதிவானது.

ஆரோக்கியமானவர்களில் ஏறக்குறைய பத்தில் மூவரின் மூக்கில் ஸ்டாஃபிலோகாக்கஸ் தீங்கின்றிக் குடியிருக்கிறது. இதுவே இன்று சிகிச்சைக்கு வழிகாட்டுகிறது. நிமோனியா நோயாளியின் மூக்கிலிருந்து பஞ்சுக் குச்சியால் எடுத்த மாதிரியில் எம்ஆர்எஸ்ஏ இல்லையெனில், நுரையீரல் தொற்றுக்கும் அது காரணமாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. எனவே சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய வான்கோமைசினை மருத்துவர்கள் விரைவில் நிறுத்த முடிகிறது. மாறாக, மூக்கில் எம்ஆர்எஸ்ஏ இருப்பதாலேயே நோய்க்கு அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

மூக்கில் கிருமி இருந்தால் அதை அகற்றப் பயன்படும் களிம்பு மியூபிரோசின். 1990களில் எல்லர்ஸ்லி உள்ளிட்ட ஆக்லாந்து புறநகர்களிலும் நியூசிலாந்தின் பிற பகுதிகளிலும் இதை மருத்துவரின் சீட்டின்றியே வாங்க முடிந்தது. சிறு தோல் புண்களுக்கெல்லாம் மக்கள் தடவினர். அதை எதிர்க்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் பெருகியது. 2000ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு அதை மீண்டும் சீட்டுக்கு மட்டுமே வழங்கும் மருந்தாக்கியது.