வ.உ.சி.: பாளையங்கோட்டையிலிருந்து கண்ணனூர் வரை

வ.உ.சிதம்பரனாரைக் கப்பலோட்டியவராகவும் செக்கிழுத்தவராகவும் நாம் போற்றுகிறோம். சிறை அவரது குடும்பத்திடமிருந்து பறித்ததைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

1872 செப்டம்பர் 5 அன்று ஒட்டப்பிடாரத்தில் பிறந்த அவர், வழக்கறிஞராகித் தூத்துக்குடியில் குடியேறினார். தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்ட இராமையா தேசிகரை அவரும் மனைவி வள்ளியம்மையும் தம் வீட்டில் தங்கவைத்து உணவளித்தனர். சொந்தச் சாதியாரின் எதிர்ப்புக்கு அவர்கள் பணியவில்லை. 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்று வென்றார். ஆட்சியாளர்களால் அதைப் பொறுக்க இயலவில்லை.

அவ்வாண்டு மார்ச் 12 அன்று கைதானார். விசாரணைக் காலத்தில் வைக்கப்பட்ட பாளையங்கோட்டைச் சிறை, தூத்துக்குடிக்கு அருகிலேயே இருந்தது. ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். உடனே கோயம்புத்தூர்ச் சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கே செக்கிழுத்தார். தீர்ப்பின் அதிர்ச்சியில் தம்பி மீனாட்சிசுந்தரம் மனநிலை பிறழ்ந்தார். வள்ளியம்மையின் மறைவுக்குப்பின் மணந்த மீனாட்சி அம்மாள், சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு மேல்முறையீட்டுக்காக அலைந்தார். தண்டனை குறைந்தது, தொலைவோ கூடியது. 1910இல் அவர் மலபார்க் கரையிலுள்ள கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார். 1912 டிசம்பரில் விடுதலையானபோது கப்பல் நிறுவனமும் இல்லை, வழக்கறிஞர் உரிமமும் இல்லை. வறுமையோடு போராடி, 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் மறைந்தார்.

பெயர்பெற்ற தலைவரின் வீட்டுக்கே இந்நிலையென்றால், பெயரறியாக் கைதிகளின் வீடுகள் என்னாகும்? செம்மர வழக்குகளில் கைதாகி ஆந்திரச் சிறைகளில் அடைபட்ட கல்வராயன் மலைப் பழங்குடியினரை எண்ணிப் பார்ப்போம். எலவனாசூர்கோட்டை வழியாகக் கடலூர்ச் சிறைக்குப் போய்வருவதே கூலி இழப்பு. வேறு மாநிலத்துக்கு மனு பார்க்கப் போவதற்குக் கடன்தான் வாங்கவேண்டும். நீதிமன்றம் விதிக்காத இத்தண்டனையைக் குடும்பமே அனுபவிக்கிறது.

இதற்கு எதிரான கருவிகள் உண்டு. 2015இல் ஐ.நா. ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 59ஆம் விதி, இயன்றவரை வீட்டுக்கு அருகிலுள்ள சிறையில் கைதியை வைக்கச் சொல்கிறது. தண்டனைக் கைதியை, இரு மாநில அரசுகளும் இசைந்தால், சொந்த மாநிலச் சிறைக்கு மாற்ற 1950ஆம் ஆண்டுக் கைதிகள் மாற்றச் சட்டம் வழிசெய்கிறது. தண்டிக்கும் நோக்கில் தொலைதூரச் சிறைக்கு மாற்றுவது நீதித்துறையின் பரிசீலனைக்கு உட்பட்டது என சுனில் பத்ரா வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. 2024 அக்டோபர் 3 அன்று அதே நீதிமன்றம், சிறைகளில் சாதிவாரிப் பிரிவினை அரசமைப்புக்கு முரணானது என அறிவித்தது; அத்தீர்ப்பில் பாளையங்கோட்டைச் சிறையும் பேசப்பட்டது.

ஆகவே, இடமாற்றம் கோரும் மனுவை இரங்கல் விண்ணப்பமாகக் கருதாமல் உரிமைக் கோரிக்கையாக எழுதுவோம். சட்டம் பயிலும் நம் மாணவர்கள் அம்மனுக்களை எழுதித் தர முன்வரவேண்டும். மீனாட்சி அம்மாள் தனியே சுமந்ததை இன்னொரு பெண் தனியே சுமக்கலாகாது.