சீனிவாச இராமானுசன்

சீனிவாச இராமானுசன் (டிசம்பர் 22, 1887 – ஏப்ரல் 26, 1920) கும்பகோணத்தில் வளர்ந்து உலகப் புகழ் பெற்ற கணித மேதை ஆவார். எண் கோட்பாடு, முடிவிலாத் தொடர்கள், தொடர் பின்னங்கள், நீள்வட்டச் சார்புகள் ஆகிய துறைகளில் இவர் கண்ட முடிவுகள் இன்றும் ஆராயப்பட்டு வருகின்றன. கல்லூரி எப்.ஏ. தேர்வில் இருமுறை தோல்வியுற்ற இவர், பட்டம் எதுவும் இன்றிக் கேம்பிரிட்ஜ் சென்று, 1918 இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இவரைக் கணிதத்தில் ஆழ்த்திய நூல், தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்காகத் தொகுக்கப்பட்டதாகும். இவரது கல்லூரிப் படிப்பு நின்றதும் தேர்வினாலேயே.

பிறப்பும் பள்ளிப் படிப்பும்

இராமானுசன் ஈரோட்டில் தம் தாய்வழிப் பாட்டியின் இல்லத்தில் பிறந்தார். தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கராகப் பணியாற்றியவர். தாயார் கோமளத்தம்மாள். குடும்பம் வாழ்ந்த வீடு கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில், கோயிலுக்கு அருகில் உள்ளது. இரண்டு வயதில் பெரியம்மை கண்டு பிழைத்தார்.

1897 இல் தொடக்கப் பள்ளித் தேர்வில் தஞ்சை மாவட்டத்தில் முதலிடம் பெற்றார். அதன் பயனாக, 1898 இல் டவுன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தபோது அரைக் கட்டணச் சலுகை கிடைத்தது. அக்குடும்பத்தின் வருவாயில் இது சிறிய உதவியன்று. வீட்டில் தங்கிப் படித்த கல்லூரி மாணவர்கள் வழியாக லோனி எழுதிய முக்கோணவியல் நூல் இவர் கைக்கு வந்தது. பதின்மூன்று வயதிற்குள் அதனை முற்றும் கற்றுத் தேர்ந்தார். 1904 இல் பள்ளியை விட்டபோது, கணிதத்திற்கான ரங்கநாத ராவ் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது. அதுவரை தேர்வுகள் இவருக்குத் துணையாகவே இருந்தன.

காரின் தொகுப்பு நூல்

1903 இல், பள்ளியின் இறுதிக் கட்டத்தில், ஜார்ஜ் ஷூபிரிட்ஜ் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த நூல் இராமானுசனுக்குக் கிடைத்தது. கார் பெரிய கணித அறிஞர் அல்லர். இலண்டனில் மாணவர்களுக்குத் தனிப்பயிற்சி அளித்து வந்த ஆசிரியர். கேம்பிரிட்ஜின் டிரைப்பாஸ் எனப்படும் கடினமான கணிதத் தேர்வுக்கு மாணவரை ஆயத்தம் செய்வது அவர் தொழில். தம் பயிற்சிக் குறிப்புகளையே இரு பகுதிகளாக 1880 இலும் 1886 இலும் வெளியிட்டார். இயற்கணிதம், முக்கோணவியல், நுண்கணிதம், பகுமுறை வடிவியல் ஆகியவற்றின் ஏறத்தாழ ஐயாயிரம் முடிவுகள் அதில் எண்ணிட்டு வரிசையாகத் தரப்பட்டுள்ளன. நிறுவல்கள் இல்லை, இருந்தால் ஓரிரு வரிக் குறிப்பாக இருக்கும்.

இக்காலத்து நுழைவுத் தேர்வு மாணவர்கள் வைத்திருக்கும் சூத்திரத் திரட்டுகளுக்கு அந்நூல் முன்னோடி எனலாம். மற்றவர்கள் மனப்பாடம் செய்யப் பயன்படுத்திய அந்நூலை இராமானுசன் வேறு வகையில் பயன்படுத்தினார். நிறுவல் இல்லாத ஒவ்வொரு முடிவையும் தாமே நிறுவ முயன்றார். ஒன்றை நிறுவும்போது அதன் பக்கத்தில் வேறு சில முடிவுகள் தென்பட்டன; அவற்றைக் குறித்து வைத்தார். இவ்வாறு தொடங்கியவையே இவரது புகழ் பெற்ற நோட்டுப் புத்தகங்கள்.

அந்நூலின் குறைகளும் இவரைத் தொடர்ந்தன. சிக்கலெண் சார்புகளைப் பற்றி ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வளர்ந்த கோட்பாடு காரின் நூலில் இல்லை. இராமானுசனும் அதனை அறியாமலேயே வளர்ந்தார். பகா எண்களின் எண்ணிக்கை பற்றி இவர் பின்னர் எழுதிய முடிவுகள் சில பிழையானதற்கு இதுவே காரணம். முடிவை மட்டும் எழுதி வழியை எழுதாமல் விடும் பழக்கமும் பெரிதும் காரின் நூலிலிருந்தே வந்திருக்க வேண்டும். வறுமையும் அதற்குத் துணை நின்றது. தாள் வாங்கப் பணமில்லாததால் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, இறுதி விடையை மட்டும் நோட்டில் ஏற்றினார். குலதெய்வமான நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருளால் சூத்திரங்கள் கிடைத்தன என்று இவர் நம்பியது பலரும் அறிந்ததே. அழிந்துபோன சிலேட்டுக் கணக்குகளைப் பற்றி அந்த அளவுக்கு எவரும் பேசுவதில்லை.

எப்.ஏ. தேர்வு

1904 இல் கும்பகோணம் அரசு கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். 1854 இல் தொடங்கிய அக்கல்லூரி தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பெயர் பெற்றிருந்தது. ஆங்கிலம், சமற்கிருதம், கிரேக்க-உரோமானிய வரலாறு, உடலியங்கியல், கணிதம் ஆகியன எப்.ஏ. பாடங்கள். இராமானுசன் கணிதம் தவிர வேறு எதையும் படிக்கவில்லை. ஆங்கிலத் தாளில் தவறியதால் உதவித்தொகை பறிபோனது. ஒரு பருவக் கட்டணம் 32 ரூபாய். தந்தையின் மாத ஊதியமோ 20 ரூபாய் அளவில் இருந்தது.

1905 ஆகஸ்டில் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினத்திற்குச் சென்றுவிட்டார். 1906 இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். நோய்வாய்ப்பட்டு இடையில் கும்பகோணம் திரும்ப நேர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் எப்.ஏ. தேர்வு எழுதித் தோற்றார். 1907 இல் தனித்தேர்வராக மீண்டும் எழுதி மீண்டும் தோற்றார். அத்துடன் கல்லூரி வாழ்வு முடிந்தது.

இராமானுசன் கணிதத்தில் தோற்றார் என்று சிலர் சொல்வது பிழை. பிற பாடங்களிலேயே தவறினார். எல்லாப் பாடங்களிலும் தேறினால் மட்டுமே எப்.ஏ. தேர்ச்சி கிட்டும். விடைத்தாளைத் திருத்தியவர்கள் அநீதி இழைத்தார்கள் என்று கூற முடியாது. உடலியங்கியல் தாளில் இவர் எழுதியது குறைவு. கிடைத்த மதிப்பெண்ணும் குறைவு. ஒரே பாடத்தில் அளவிறந்த திறமையுள்ள மாணவனை என்ன செய்வது என்பதற்கு அன்றைய சென்னைப் பல்கலைக்கழக விதிகளில் இடமில்லை என்பதே உண்மை.

நோட்டுப் புத்தகத்துடன் வேலை தேடல்

1909 இல் ஜானகியை மணந்தார். வேலை தேடும் கட்டாயம் ஏற்பட்டது. காட்டுவதற்குச் சான்றிதழ் இல்லாததால் நோட்டுப் புத்தகங்களையே எடுத்துச் சென்றார். 1910 இல் திருக்கோயிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி. இராமசாமி ஐயரைச் சந்தித்தார். இந்தியக் கணிதக் கழகத்தை 1907 இல் நிறுவியவர் அவரே. நோட்டைப் புரட்டிப் பார்த்த அவர், வருவாய்த் துறையின் கீழ்நிலை வேலையில் இவரை அமர்த்த மனமின்றிச் சென்னையில் இருந்த கணித அன்பர்களிடம் அனுப்பினார். அவ்வழியே நெல்லூர் ஆட்சியர் ஆர். இராமச்சந்திர ராவைக் கண்டார். அவர் சில காலம் மாதம் 25 ரூபாய் தம் சொந்தப் பணத்திலிருந்து அளித்தார். பெர்னூலி எண்களைப் பற்றிய இராமானுசனின் முதல் கட்டுரை 1911 இல் கழகத்தின் இதழில் வெளிவந்தது.

அதே ஆண்டு அவ்விதழில் இவர் வெளியிட்ட ஒரு வினா பள்ளி மாணவருக்கும் விளங்கக் கூடியது. பின்வருவதன் மதிப்பு என்ன?

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …))))

ஆறு மாதங்கள் கடந்தும் எவரும் விடை அனுப்பவில்லை. விடை 3. எந்த எண்ணுக்கும் n² = 1 + (n − 1)(n + 1) என்பது எளிய இயற்கணித முற்றொருமை. ஆகவே 3 = √(1 + 2×4). இதில் வரும் 4 ஐ √(1 + 3×5) என்றும், அதில் வரும் 5 ஐ √(1 + 4×6) என்றும் எழுதிக்கொண்டே போனால் மேற்கண்ட கோவை கிடைக்கிறது. முடிவிலி வரை நீட்டும்போது இது உண்மையில் ஓர் எண்ணை நோக்கி ஒருங்குகிறதா என்பதைத் தனியே நிறுவ வேண்டும். இராமானுசன் தந்த விடையில் அப்பகுதி இல்லை. இத்தகைய கோவைகள் எப்போது ஒருங்கும் என்பதற்கான பொது நிபந்தனையைப் பின்னாளில் டி. விஜயராகவன் அளித்தார்.

1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அங்கு மேலதிகாரியாக இருந்த எஸ். நாராயண ஐயர் தாமே கணிதம் அறிந்தவர். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் ஆதரவாக இருந்தார்.

ஹார்டிக்கு எழுதிய மடல்

கேம்பிரிட்ஜ் பேராசிரியர்கள் இருவருக்கு எழுதிய மடல்களால் பயன் விளையவில்லை. 1913 சனவரி 16 அன்று டிரினிட்டி கல்லூரியின் ஜி. எச். ஹார்டிக்கு நூற்றுக்கு மேற்பட்ட முடிவுகளை இணைத்து எழுதினார். தமக்குப் பல்கலைக்கழகக் கல்வி இல்லை என்பதையும் எழுத்தராக இருப்பதையும் மறைக்கவில்லை. ஹார்டியும் அவருடன் பணியாற்றிய லிட்டில்வுட்டும் அம்முடிவுகளை ஆராய்ந்தனர். சில ஏற்கனவே அறியப்பட்டவை, சில பிழையானவை. மற்றவை அவர்கள் அதுவரை கண்டிராதவை.

ஹார்டி 1898 இல் டிரைப்பாஸ் தேர்வில் நான்காம் இடம் பெற்றவர். ஆனால் அத்தேர்வு மாணவரைத் தந்திரக் கணக்குகளில் பழக்கி உண்மையான கணிதத்திலிருந்து விலக்குகிறது என்று கருதி, அதைச் சீர்திருத்தப் போராடியவர்களுள் ஒருவர். தேர்ந்தோரைத் தர வரிசைப்படி அறிவிக்கும் வழக்கம் 1909 உடன் கைவிடப்பட்டது. அவர் எதிர்த்த அதே தேர்வுக்காகத் தொகுக்கப்பட்ட நூலில் கற்ற மாணவனே அவரிடம் வந்து சேர்ந்தான்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவித்தொகை முதுகலைப் பட்டம் பெற்றோர்க்கே உரியது. அவ்விதியையும் மீறி 1913 மே முதல் இராமானுசனுக்கு மாதம் 75 ரூபாய் வழங்கப்பட்டது. எப்.ஏ. தேர்வில் இவரைத் தவறியவராக அறிவித்ததும் அதே பல்கலைக்கழகமே. பின்னர் இங்கிலாந்தில் படிக்க ஆண்டுக்கு 250 பவுண்டு அளித்ததும் அதுவே. 1914 மார்ச் 17 அன்று சென்னையிலிருந்து கப்பலேறினார்.

கேம்பிரிட்ஜில்

இராமானுசனுக்கு நவீனக் கணிதம் முழுவதையும் முறையாகக் கற்பித்தால் இவரது தனித்தன்மை கெடும் என்று ஹார்டி அஞ்சினார். தேவையானதை மட்டும் உடன் பணியாற்றியே கற்பித்தார். 1916 இல், தேர்வு எழுதாமல், ஆய்வின் வழியாகவே பட்டம் கிடைத்தது. அதற்கு அடிப்படையான ஆய்வு, தம்மைவிடச் சிறிய எந்த எண்ணையும் விட மிகுந்த வகுஎண்களைக் கொண்ட எண்களைப் பற்றியது. 12 க்கு வகுஎண்கள் 6. அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை. 24, 36, 48, 60, 120 ஆகியன அவ்வரிசையில் தொடர்வன.

எண் பிரிவினைகளைப் பற்றிய ஆய்வு இன்னும் புகழ் வாய்ந்தது. 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையில் பிரிக்கலாம். 10 ஐ 42 வகையிலும், 100 ஐ 19,05,69,292 வகையிலும் பிரிக்கலாம். இவ்வளவு விரைவாகப் பெருகும் எண்ணிக்கைக்குச் சூத்திரம் இருக்க முடியுமா என்ற வினாவுக்கு 1918 இல் ஹார்டியும் இராமானுசனும் விடை கண்டனர். 200 இன் பிரிவினைகளை மக்மேகன் என்பவர் கையால் கணக்கிட்டு 39,72,99,90,29,388 என்று கண்டிருந்தார். இவர்களின் சூத்திரத்தில் எட்டு உறுப்புகளைக் கூட்டியபோது இவ்விடைக்கு 0.004 அளவே வேறுபாடு இருந்தது. முற்றிலும் துல்லியமான தொடரை ராடமாக்கர் 1937 இல் வெளியிட்டார்.

மக்மேகனின் அட்டவணையிலிருந்து இராமானுசன் மற்றொன்றையும் கண்டார். 4, 9, 14, 19, 24 ஆகியவற்றின் பிரிவினை எண்ணிக்கைகள் முறையே 5, 30, 135, 490, 1575. அனைத்தும் ஐந்தால் வகுபடுகின்றன. 4 இலோ 9 இலோ முடியும் எல்லா எண்களுக்கும் இது பொருந்தும் என நிறுவினார். கூட்டலால் உருவாகும் ஓர் எண்ணிக்கை வகுத்தலில் இத்தகைய ஒழுங்கைக் காட்டும் என எவரும் எதிர்பார்க்கவில்லை.

போர்க்கால இங்கிலாந்தில் மரக்கறி உணவு கிடைப்பது கடினமாயிற்று. தாமே சமைத்து உண்ட இவர் 1917 இல் கடும் நோயுற்றுப் பல மருத்துவ இல்லங்களில் தங்கினார். பட்னியில் இவரைக் காணவந்த ஹார்டியின் வாடகை வண்டி எண் 1729, இரு கனங்களின் கூட்டலாக இரு வகையில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் (12³ + 1³ = 10³ + 9³) என்று உடனே கூறியது இக்காலத்தில்தான். 1918 இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். இந்தியருள் இவர் இரண்டாமவர். அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியின் உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இறுதி நாட்கள்

இந்தியா திரும்பும் முன், 1919 சனவரியில் இராமானுசன் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு ஒரு மடல் எழுதினார். தமக்கு அளிக்கப்படவிருந்த ஆண்டுக்கு 250 பவுண்டில், பெற்றோருக்கு 50 பவுண்டும் தம் தேவைக்கானதும் போக எஞ்சுவதை, ஏழைச் சிறுவருக்கும் அநாதைகளுக்கும் பள்ளிக் கட்டணம் குறைக்கவும் நூல்கள் வாங்கவும் பயன்படுத்தக் கோரினார்.

1919 மார்ச்சில் பம்பாய் வந்திறங்கினார். கொடுமுடியிலும் கும்பகோணத்திலும் தங்கிய பின் சென்னை சேத்துப்பட்டில் வாழ்ந்தார். 1920 சனவரி 12 அன்று ஹார்டிக்கு எழுதிய கடைசி மடலில், போலி தீட்டாச் சார்புகள் எனத் தாம் பெயரிட்ட புதுவகைச் சார்புகளை அறிவித்தார். ஏப்ரல் 26 அன்று 32 ஆம் வயதில் மறைந்தார். அன்று காசநோய் என்று கருதப்பட்டது. மருத்துவக் குறிப்புகளை 1994 இல் மீளாய்வு செய்த டி. ஏ. பி. யங், கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று காட்டினார். அவ்வாறாயின் அக்காலத்திலேயே குணப்படுத்தியிருக்கக் கூடிய நோய் அது. மனைவி ஜானகி 1994 வரை வாழ்ந்தார்.

நோட்டுப் புத்தகங்கள்

நோட்டுப் புத்தகங்களில் மூவாயிரத்திற்கும் மேற்பட்ட முடிவுகள் உள்ளன. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1957 இல் அவற்றை நிழற்படப் பதிப்பாக வெளியிட்டது. அமெரிக்கக் கணித அறிஞர் புரூஸ் பெர்ண்ட் அம்முடிவுகளுக்கு நிறுவல் தரும் பணியை மேற்கொண்டு 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகள் வெளியிட்டார். பெரும்பாலானவை சரியானவையே. 1976 இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் டிரினிட்டி நூலகத்தில் இராமானுசனின் இறுதி ஆண்டைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்களைக் கண்டெடுத்தார். தொலைந்த நோட்டுப் புத்தகம் என்று அவை அழைக்கப்படுகின்றன. போலி தீட்டாச் சார்புகளின் இயல்பு 2002 இல் ஸ்வெகர்ஸ் என்னும் டச்சு ஆய்வாளரின் ஆய்வேட்டில்தான் தெளிவாயிற்று.

கும்பகோணத்தில் நினைவு

சாரங்கபாணி சன்னதித் தெரு வீட்டைச் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் 2003 இல் வாங்கி நினைவில்லமாகப் பேணி வருகிறது. திசம்பர் 22 ஆம் நாள் 2012 முதல் இந்தியாவில் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது. சாஸ்த்ரா பல்கலைக்கழகம் 2005 முதல் இராமானுசன் பெயரில் ஒரு பரிசை ஆண்டுதோறும் கும்பகோணத்தில் வழங்குகிறது. முதலாண்டுப் பரிசை மஞ்சுள் பார்கவாவும் சென்னையைச் சேர்ந்த கண்ணன் சௌந்தரராஜனும் பகிர்ந்துகொண்டனர். பரிசு பெறுவோர் 32 வயதைக் கடந்திருத்தல் கூடாது.