பலாப் பொந்தும் மர அரண்மனையும்

நெய்யாற்றின்கரைக் கண்ணன் கோயில் வளாகத்தில் ஒரு பழம்பலாவின் அடிமரம் பேணப்படுகிறது. அதற்கு அம்மச்சிப் பிலாவு என்று பெயர். எட்டுவீட்டுப் பிள்ளைமார் கொல்லத் துரத்தியபோது, வேணாட்டு இளவரசர் மார்த்தாண்ட வர்மர் அம்மரத்தின் பொந்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பர்.

1706இல் பிறந்த அவர், 1729இல் அரியணை ஏறினார். பகைவரை ஈவிரக்கமின்றி ஒடுக்கினார். 1741இல் குளச்சலில் டச்சுப் படையையும் வென்றார்.

பாறசாலையிலிருந்து களியக்காவிளை வழியே தக்கலைக்குச் சென்றால், அவருடைய தலைநகரான பத்மநாபபுரத்தைக் காணலாம். நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்த 1750ஆம் ஆண்டிலேயே, அங்கு நான்கு நிலை உப்பரிகை மாளிகையை எழுப்பினார். மேல்நிலையை இறைவனுக்கு விட்டுத் தாம் கீழ்நிலை ஒன்றில் உறங்கினார். பலவகை மூலிகை மரங்களை இணைத்துச் செய்த கட்டில் அங்கே உள்ளது.

அரண்மனைப் பூமுகத்தின் மர விதானத்தில் 90 மலர்கள் செதுக்கப்பட்டுள்ளன. ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. மன்னர் பெயரை ஊரெல்லாம் அறியும். உளி பிடித்த ஆசாரிமாரின் பெயரை அறிவார் யார்?

1758இல் மன்னர் மறைந்தார். 1795இல் தலைநகரும் திருவனந்தபுரத்திற்கு மாறிற்று. அரண்மனை இன்று தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது. அதைக் காப்பது கேரளத் தொல்லியல் துறை.