படிக்கட்டின் கீழ் ஒரு வானொலி

ஈப்போவில் ஒரு கடைவீட்டிலோ, பழைய இரப்பர்த் தோட்டம் ஒன்றின் மண்டபத்திலோ வைஃபை கருவி பொருத்த வருபவர் முதலில் கவனிப்பவை சுவர்களும் கூரையும்தாம். தடித்த செங்கல் சுவர் அலையின் வலுவைக் குறைத்துவிடும். தகரக் கூரை அலையைத் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே, வீட்டுக்குள் பொருத்தும் கருவி கூடத்தின் நடுவே உயரமான இடத்தைத் தேடிச் செல்கிறது. வெளியே பொருத்தும் கருவி மழையையும் வெயிலையும் தாங்கும் உறையோடு கம்பத்தில் ஏறுகிறது. எங்கே வைத்தால் அலை நன்றாக எட்டும் என்பதே இன்றைய கவலை. ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்கு முன்பு, இதே பேராக் மாநிலத்தில், கம்பியில்லாக் கருவி ஒன்றை வீட்டில் வைத்திருந்த ஒரு பெண்மணிக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. அலை எட்ட வேண்டும். ஆனால் கருவி யார் கண்ணிலும் படக்கூடாது. பட்டால் குடும்பமே அழியும். அவர்தாம் சிபில் கார்த்திகேசு.

சிபில் 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் சுமத்திராவிலுள்ள மேடான் நகரில் பிறந்தார். தந்தை ஜோசப் டேலி தோட்டத்துறையைச் சேர்ந்தவர். தாயார் பியாட்ரிஸ் பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவிச்சி. ஐரோப்பிய இரத்தமும் ஆசிய இரத்தமும் கலந்த குடும்பம் அது. தாயாரின் தொழிலே மகளுக்கும் வாய்த்தது. தாதியாகவும் மருத்துவிச்சியாகவும் பயிற்சி பெற்ற சிபில், கான்டனீஸ் மொழியைச் சரளமாகப் பேசினார். பேராக்கின் ஈயச் சுரங்க ஊர்களில் வாழ்ந்த சீனத் தாய்மார்கள் அவரிடம் மனம்விட்டுப் பேச அம்மொழி பெரிதும் உதவியது. பிற்காலத்தில் அதே மொழிதான் காட்டிலிருந்து வந்தவர்களும் அவரை நம்பக் காரணமாயிற்று.

தைப்பிங்கில் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஆறுமுகம் கணபதிப் பிள்ளை என்ற மருத்துவரை சிபில் 1919ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள் கோலாலம்பூரில் மணந்தார். கத்தோலிக்க சமயத்தைத் தழுவிய அம்மருத்துவர் ஏ. சி. கார்த்திகேசு என்று அறியப்பட்டார். அவர்களின் முதல் குழந்தை பிறந்த நாளிலேயே, ஒரு முழு நாள்கூட வாழாமல், இறந்துபோனது. பின்னர் வில்லியம் என்ற சிறுவனைத் தத்தெடுத்து வளர்த்தனர். 1921இல் ஓல்காவும், நீண்ட இடைவெளிக்குப்பின் 1936இல் டோனும் மகள்களாகப் பிறந்தனர்.

1926இல் கணவனும் மனைவியும் ஈப்போவின் புரூஸ்டர் சாலையில் 141ஆம் எண் கட்டடத்தில் மருந்தகம் தொடங்கினர். இன்று அச்சாலை சுல்தான் இட்ரிஸ் ஷா சாலை எனப்படுகிறது. மலாயாவில் தாதியரை மக்கள் மிஸ்ஸி என்று அழைப்பது வழக்கம். சிபிலும் பலருக்கு வெறும் மிஸ்ஸிதான். ஏறத்தாழ 15 ஆண்டுகள் அந்த மருந்தகம் நடந்தது. அமைதிக்காலம் நீடித்திருந்தால், ஈப்போவின் நல்ல மருத்துவத் தம்பதியரில் ஒருவராக மட்டுமே அவர் நினைவுகூரப்பட்டிருப்பார்.

1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் தரையிறங்கியது. அம்மாதம் முடிவதற்குள் ஈப்போ அவர்கள் கைக்குப் போயிற்று. அதற்குச் சில நாள்களுக்கு முன்பே கார்த்திகேசு குடும்பம் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாப்பான் என்ற சிற்றூருக்கு இடம்பெயர்ந்தது. ஈயத்தால் வளர்ந்து ஈயத்தோடு தேய்ந்த ஊர் அது. ஒரே முதன்மைத் தெரு, இருபுறமும் கடைவீடுகள், பின்னால் காய்கறித் தோட்டங்கள், அவற்றுக்கு அப்பால் காடு. அந்தத் தெருவில் 74ஆம் எண் வீட்டில் அவர்கள் மருந்தகத்தை மீண்டும் திறந்தனர்.

புதிய ஆட்சியில் மக்களை வாட்டியது பசி மட்டுமன்று. என்ன நடக்கிறது என்று தெரியாத நிலையும் வாட்டியது. நாளேடுகளும் வானொலி நிலையங்களும் ஜப்பானியர் கையில் இருந்தன. அவற்றில் ஜப்பான் வெற்றிமேல் வெற்றி பெற்றது. சிங்கப்பூருக்குக்கூட சோனான் என்று பெயர் மாறியிருந்தது. கடிகாரங்கள் தோக்கியோ நேரத்துக்கு ஏற்ப ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டன. இரப்பரை வாங்க ஆளில்லாமல் பல தோட்டங்களில் பால்மரம் சீவும் வேலை நின்றது. அரிசி கிடைக்காமல் தொழிலாளர்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் வாழ்ந்தனர். பின்னர் அதே தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாமுக்கு இரயில் பாதை போட அழைத்துச் செல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையிலிருந்து மிகப் பலர் திரும்பவே இல்லை. போர் எப்போது முடியும், யார் வெல்வார் என்பதெல்லாம் அன்று வீண் பேச்சு அல்ல. சேமித்த அரிசியை இன்று சமைப்பதா, அடுத்த மாதத்துக்கு வைப்பதா என்பதுகூட அந்த விடையைப் பொறுத்திருந்தது.

அந்த விடை காற்றில் வந்துகொண்டுதான் இருந்தது. இலண்டனிலிருந்து பிபிசி சிற்றலை வழியே செய்திகளை ஒலிபரப்பியது. 1942 ஜூனில் மிட்வேயில் ஜப்பானியக் கடற்படை தோற்றதும், 1943 பிப்ரவரியில் ஸ்டாலின்கிராடில் ஜெர்மானியர் சரணடைந்ததும் உலகச் செய்திகளாக வலம் வந்தன. இவற்றைக் கேட்பதைத்தான் ஜப்பானியர் குற்றமாக்கினர். சிற்றலை ஒலிபரப்பைக் கேட்பவர் எதிரியின் உளவாளியாகவே கருதப்பட்டார்.

சிற்றலையின் இயல்பை அறிந்தால் சிபிலின் சிக்கல் எளிதில் விளங்கும். இன்றைய வைஃபை அலையின் நீளம் பெரும்பாலும் ஒரு சாணுக்கும் குறைவு. நாலைந்து சுவர்களைத் தாண்டுவதற்குள் அது களைத்துவிடும். சிற்றலையோ 10 மீட்டர் முதல் 100 மீட்டர் வரை நீளமுடையது. அது வானில் மிக உயரத்திலுள்ள அயனி மண்டலத்தில் மோதித் திரும்பி, தரையில் பட்டு மீண்டும் எழும்பி, இவ்வாறு தாவித் தாவி உலகின் மறுபக்கத்துக்கே வந்து சேரும். இலண்டன் குரல் பாப்பானுக்கு வந்த வழி இதுதான். ஆனால் அவ்வளவு தொலைவு கடந்து வரும் அலை மிகவும் மெலிந்திருக்கும். அதைப் பிடிக்க நீண்ட ஏரியல் கம்பி வேண்டும். கூரைக்கு மேலே, வெட்டவெளியில், உயரமாகக் கட்டினால் நன்றாகக் கேட்கும். தெருவில் நடந்து போகும் சிப்பாயும் அதை நன்றாகப் பார்ப்பான். கம்பியை வீட்டுக்குள் உத்தரத்தோடு ஒட்டி மறைத்தால் ஆபத்து குறையும். குரலும் குறைந்து இரைச்சல் மிகும். இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டினாலோ அடுத்த வீட்டுக்குக் கேட்டுவிடும். கடைவீடுகளில் இரு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர் என்பதை மறந்துவிடக் கூடாது. போதாக்குறைக்கு, அக்கால வானொலிப் பெட்டி கைக்குள் அடங்கும் பொருளுமன்று. கண்ணாடி வால்வுகள் சூடேறிய பிறகுதான் அது பேசவே தொடங்கும்; ஆபத்து வந்தால் நொடியில் மடக்கி ஒளித்துவிட முடியாது.

74ஆம் எண் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே தரையில் ஒரு குழி தோண்டப்பட்டது. வானொலி அந்தக் குழிக்குள் மறைந்தது. வீட்டார் அதற்கு ஜோசபின் என்று சங்கேதப் பெயர் வைத்தனர். பேச்சு யார் காதிலாவது விழுந்தாலும், யாரோ ஒரு பெண்ணைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே தோன்றும். கேட்ட செய்தியை சிபில் தமக்குள் வைத்துக்கொள்ளவில்லை. அது வாய்வழியாக நம்பிக்கைக்குரியவர்களுக்குப் போயிற்று. காட்டிலிருந்த எதிர்ப்புப் படையினருக்கும் போயிற்று. அவர்கள் மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையைச் சேர்ந்தவர்கள். காயம்பட்டவர்கள் இரவில் காய்கறித் தோட்டங்களின் வழியே பின்கதவுக்கு வருவார்கள். சிபிலும் அவர் கணவரும் குண்டுகளை அகற்றிக் கட்டுப் போட்டு, மருந்தும் கொடுத்து அனுப்புவார்கள். முன்கதவில் பகல் முழுதும் சாதாரண நோயாளிகள். பின்கதவில் இரவில் தேடப்படுவோர். ஒரு மருந்தகத்துக்கு இதைவிடப் பொருத்தமான மறைவு இல்லை. ஆள் வந்து போவதை யாரும் ஐயப்படமாட்டார்கள்.

எனினும், பலருக்குத் தெரிந்த இரகசியம் நெடுநாள் தாங்குவதில்லை. 1943இல் மருத்துவர் கார்த்திகேசு கைது செய்யப்பட்டார். தொடர்ந்து சிபிலும் பிடிபட்டார். வில்லியமும் தப்பவில்லை. உளவு பார்த்தது, எதிர்ப்புப் படையினருக்கு மருத்துவ உதவி செய்தது, வானொலி வைத்து எதிரியின் செய்தியைக் கேட்டுப் பரப்பியது ஆகியவை சிபில்மீது சாட்டப்பட்ட குற்றங்கள்.

ஜப்பானிய இராணுவக் காவல் படையான கெம்பித்தாய் சிபிலிடம் கேட்டது பெயர்களை. காட்டிலிருந்து யார் யார் வந்தார்கள், யார் அனுப்பினார்கள், யார் உதவினார்கள் என்பதே அவர்களுக்கு வேண்டியிருந்தது. அவர் சொல்லவில்லை. அடித்தார்கள், தண்ணீரால் வதைத்தார்கள், விரல் நகங்களைப் பிடுங்கினார்கள். முதுகெலும்பில் பட்ட அடியால் அவரால் நடக்க முடியாமல் போயிற்று. பூட்ஸ் காலால் உதைத்ததில் தாடை எலும்பு முறிந்தது.

யோஷிமுரா என்ற அதிகாரி ஒருநாள் டோனைக் கொண்டுவரச் செய்தான். அவளுக்கு அப்போது ஏறத்தாழ ஏழு வயது. தாயின் கண்முன்னே சிறுமியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டினார்கள். தம் உடலின் வலியைத் தாங்க முடிவு செய்வது ஒன்று; குழந்தையின் உயிரைப் பணயம் வைப்பது முற்றிலும் வேறு. அந்தத் தாய் பேசியிருந்தால் இன்று யாரும் அவரைக் குறைகூறமாட்டார்கள். ஆனால் அவர் பேசினால் வேறு பல தாய்மாரின் பிள்ளைகள் அன்றிரவே பிடிபடுவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் ஒரு பெயரும் சொல்லவில்லை. சிறுமி உயிரோடு கீழே இறக்கப்பட்டாள்.

சிபிலுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பத்து காஜா சிறையில் அவர் அடைக்கப்பட்டார். வெளியே போர் திசை மாறிக்கொண்டிருந்தது. வானொலியை இழந்தவருக்கு இப்போது சிறைச் சுவரைத் தாண்டி ஒரு செய்தியும் எளிதில் வருவதில்லை. 1945 ஆகஸ்ட் 15ஆம் நாள் ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பரில் சிறையிலிருந்து வெளியே வந்த சிபிலால் எழுந்து நிற்க இயலவில்லை.

சிகிச்சைக்காக அவர் விமானத்தில் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஆறாம் ஜார்ஜ் மன்னர் பக்கிங்ஹாம் அரண்மனையில் அவருக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கினார். மலாயாவில் அப்பதக்கத்தைப் பெற்ற ஒரே பெண்மணி என அவர் போற்றப்படுகிறார். மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்த அந்த ஆண்டுகளில் தம் அனுபவங்களை நூலாக எழுதினார். அது அவர் மறைவுக்குப் பின், 1954இல்தான் அச்சாகி வெளிவந்தது. முதுகெலும்புக் காயம் ஓரளவு தேறியது. தாடைக் காயமோ தேறவில்லை. அதிலிருந்து நச்சு இரத்தத்தில் பரவி, 1948ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் அவர் காலமானார். அப்போது அவருக்கு 48 வயது.

அவர் உடல் முதலில் ஸ்காட்லாந்தின் லானார்க் நகரில் அடக்கம் செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு அது கப்பலில் மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்டு, 1949 மார்ச் 20ஆம் நாள், ஈப்போ புனித மைக்கேல் தேவாலயத்தை அடுத்த கத்தோலிக்கக் கல்லறையில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது. இதற்கிடையே நாட்டின் நிலைமை மாறியிருந்தது. சிபில் மறைந்த ஒரு வாரத்துக்குள் மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. ஜப்பானியரை எதிர்த்துக் காட்டில் இருந்தவர்களில் பலர் இப்போது அரசாங்கத்தை எதிர்த்துக் காட்டுக்குள் போயிருந்தனர். அவர்களின் காயத்துக்குக் கட்டுப் போட்டவர் என்ற பேச்சு அந்த ஆண்டுகளில் எளிதாகப் பேசக்கூடியதாய் இல்லை. அவர் பெயர் நெடுங்காலம் மங்கிக் கிடந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

ஈப்போ பேர்பார்க் வட்டாரத்தில் ஒரு சாலை இன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது. பாப்பானில் 74ஆம் எண் கடைவீடு அவருடைய நினைவிடமாகப் பராமரிக்கப்பட்டு வந்துள்ளது. பழைய மருந்துப் புட்டிகளையும் புகைப்படங்களையும் பார்த்துவிட்டு உள்ளே போகிறவர்கள் மாடிப்படிக்குக் கீழே குனிய வேண்டியிருக்கும். ஜோசபின் ஒளிந்திருந்த குழி அங்கேதான் இருக்கிறது.