ஊர்ப் பள்ளிகளுக்குக் கணக்கெழுதிய ஹோரஸ் மான்

(மூன்றாமாண்டு, இளங்கலை வரலாறு)

அமெரிக்க நாட்டு வரலாறு படிக்கும் நாம் வாஷிங்டனை அறிவோம், லிங்கனை அறிவோம். அடிமைகளின் விலங்கு உடைந்த கதையை ஆண்டுதோறும் தேர்வில் எழுதுகிறோம். ஆனால் அந்நாட்டுக் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் படித்த பள்ளிகளை யார் நடத்தினார்கள், எப்படி நடத்தினார்கள் என்பதை நம் பாடநூல்கள் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. அந்த ஒரு வரியில் வரும் பெயர்தான் ஹோரஸ் மான். அமெரிக்கப் பொதுக்கல்வியின் தந்தை என்று ஓர் அடைமொழியைக் கொடுத்துவிட்டு அடுத்த பாடத்திற்குப் போய்விடுகிறோம். தந்தை என்றால் போதுமா? அவர் செய்தது என்ன என்று தெரிய வேண்டாமா? அந்த ஆவலில்தான் அவர் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

1796ஆம் ஆண்டு மே 4ஆம் நாள், மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிராங்க்ளின் என்னும் சிற்றூரில் ஓர் ஏழை உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். அறிஞர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பெயரைத் தாங்கிய ஊர் அது. அந்த நன்றிக்கு ஒரு கோயில் மணி கிடைக்கும் என்று ஊரார் எதிர்பார்த்தனர். ஃபிராங்க்ளினோ 116 புத்தகங்களை அனுப்பிவைத்தார். மணி வந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒலித்திருக்கும். புத்தகங்கள் வந்ததால் மான் என்ற சிறுவனுக்கு ஒரு நூலகம் கிடைத்தது. பள்ளிக்கூடம் அவனுக்குப் பெரிதாக ஒன்றும் தரவில்லை. பதினைந்து வயது வரை ஆண்டுக்குப் பத்து வாரத்திற்குமேல் அவன் பள்ளிக்குச் சென்றதில்லை. மற்ற நாளெல்லாம் வயல் வேலை. இரவில் தொப்பிக்கு வைக்கோல் பின்னும் வேலை. பின்னிச் சேர்த்த காசில்தான் பாடப்புத்தகம் வாங்கினான்.

1809இல் தந்தை இறந்தார். அடுத்த ஆண்டு அண்ணன் ஸ்டீபன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்திற்குப் போகாமல் நீந்தச் சென்று மூழ்கி மாண்டான். இரங்கல் கூட்டத்தில் ஊர்ப் போதகர் ஆறுதல் சொல்லவில்லை. மனந்திரும்பாமல் இறப்பவர்க்கு நேரும் கதியைப் பற்றி இளைஞர்களை எச்சரித்தார். அன்று தாயின் அழுகையைக் கேட்ட மானின் உள்ளம் அந்தக் கடுஞ்சமயத்திலிருந்து விலகியது. பிள்ளைகளை அச்சுறுத்தித் திருத்தலாம் என்பவர்களோடு அவர் பிற்காலத்தில் நடத்திய போருக்கு வித்து இங்கேதான் விழுந்தது என்பது என் எண்ணம்.

பிறகு வளர்ச்சி விரைவாக நடந்தது. பிரவுன் பல்கலைக்கழகத்தில் 1819இல் முதன்மையாகத் தேறினார், சட்டம் பயின்றார், 1823இல் வழக்கறிஞரானார், 1827இல் மாநிலச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மனநோயாளிகளுக்காக வூஸ்டரில் அரசு மருத்துவமனை எழ முன்னின்றார். 1832இல், மணமாகி இரண்டாண்டுகூட நிறையாத நிலையில், இளம் மனைவி சார்லட் இறந்துபோனார். அந்தத் துயரம் அவரை வெகுகாலம் விடவில்லை. 1837இல் அவர் மாநில மேலவையின் தலைவர்.

அவ்வாண்டுதான் மாநிலக் கல்வி வாரியம் அமைக்கும் சட்டம் நிறைவேறியது. அதன் செயலாளர் பதவி, சட்டத்தை உருவாக்க உழைத்த ஜேம்ஸ் கார்ட்டர் என்ற கல்வியாளருக்கே போகும் என்று பலரும் எண்ணினர். அது மானிடம் வந்தது. அவர் தயங்கினார். ஏன் தயங்கமாட்டார்? ஆண்டுச் சம்பளம் 1500 டாலர். வக்கீல் தொழிலில் அதற்குமேல் வந்துகொண்டிருந்தது. ஆளுநராகும் வாய்ப்பும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்தது. இந்தப் பதவியிலோ அதிகாரம் என்று ஒன்றுமில்லை. ஓர் ஆசிரியரை நியமிக்க முடியாது, நீக்க முடியாது. ஒரு பள்ளியைத் திறக்கவோ மூடவோ முடியாது. செய்தி திரட்டலாம், அறிக்கை எழுதலாம், பேசலாம். அவ்வளவுதான். வழக்கறிஞர் அலுவலகத்தை மூடிவிட்டுக் குதிரையேறி மாநிலம் முழுவதும் சுற்றப் புறப்பட்டார்.

அவர் கண்டதைப் புரிந்துகொள்ள, அந்நாட்டுப் பள்ளிச் சரகம் என்பது என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும். ஐம்பது குடும்பம் உள்ள ஊர் ஆசிரியர் ஒருவரை வைக்க வேண்டும் என்று 1647லேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. நாளடைவில் மக்கள் ஊர் நடுவை விட்டுப் பண்ணைகளுக்குக் குடிபெயர்ந்தனர். தங்கள் மூலையிலும் ஒரு பள்ளி வேண்டும் என்றனர். ஊர் பல துண்டுகளானது. ஒவ்வொரு துண்டும் ஒரு சரகம். 1789ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஒப்புதல் தந்தது. 1827ஆம் ஆண்டுச் சட்டமோ, ஆசிரியரைத் தேர்ந்து அமர்த்தும் உரிமையைச் சரகப் பொறுப்பாளர் என்ற ஒற்றை மனிதரிடம் கொடுத்தது.

கேட்பதற்கு இது மக்களாட்சியின் முழு நிலவு போலத் தோன்றும். நடைமுறை வேறு. ஊர்க்கூட்டம் விதித்த பள்ளி வரி சரகங்களுக்குள் பங்கு போடப்பட்டது. சிறிய சரகத்துக்கு வந்த சிறிய பங்கு சில வாரப் படிப்புக்கே போதாது. ஆகவே மலிவான ஆசிரியரைத் தேட வேண்டியதாயிற்று. பொறுப்பாளருக்கு உறவினர் எவரேனும் இருந்தால் தேடும் வேலையும் மிச்சம். ஆசிரியருக்குத் தகுதி உண்டா என்று சோதிக்க ஊர்ப் பள்ளிக் குழு இருந்தது உண்மைதான். ஆனால் பனி விழத் தொடங்கி, பள்ளியும் திறந்தபின், இவர் தகுதியற்றவர் என்று குழு சொன்னால் என்ன ஆகும்? அந்தக் குளிர்காலம் முழுவதும் பள்ளியே இராது. ஆகவே குழு கண்ணை மூடிக்கொண்டது. குளிர்காலத்தில் ஓர் ஆண் ஆசிரியர், கோடையில் குறைந்த கூலிக்கு ஓர் இளம்பெண். அவர்கள் வீட்டுக்கு வீடு முறைவைத்துச் சாப்பிட்டு, முறைவைத்துத் தூங்கினர். அடுப்புக்கு விறகு பெற்றோர் கொண்டுவர வேண்டும். வராவிட்டால் குளிரில் நடுங்கினர். பாடப்புத்தகம் அவரவர் வீட்டில் இருந்தது எதுவோ அது.

பள்ளிக் கட்டடங்களைப் பற்றி 1838இல் மான் தனியாகவே ஓர் அறிக்கை எழுதினார். எதற்கும் உதவாத நிலத்தில், பாதையோரத்தில் அவை நின்றன. காற்றோட்டம் இல்லை. பல இடங்களில் கழிப்பிடம் இல்லை. சாய்மானமில்லாத உயர்ந்த பலகைகளில் சின்னஞ்சிறு பிள்ளைகள் கால் தரையில் படாமல் நாள் முழுதும் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்தனர். இரண்டு ஆசிரியர்களும் ஐந்து வகுப்புகளுமாக இருந்த ஒரு கிராமத்துப் பள்ளியிலிருந்து வந்தவன் நான். நாங்கள் தரையில் உட்கார்ந்தோம். கால் வலிக்கவாவது இல்லை!

இந்த நிலையை அதிகாரமற்ற ஒருவர் எப்படி மாற்றுவது? இங்கேதான் மானின் கூர்மை எனக்குத் தெரிகிறது. 1834இல் மாநிலம் ஒரு பள்ளி நிதியை ஏற்படுத்தியிருந்தது. ஆண்டுக் கணக்கு அனுப்பாத ஊருக்கு அதில் பங்கில்லை. அந்தக் கணக்கையே அவர் ஆயுதமாக்கினார். நான்கு வயது முதல் பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகள் எத்தனை பேர், கோடையில் வந்தவர் எத்தனை, குளிர்காலத்தில் எத்தனை, பள்ளி நடந்தது எத்தனை மாதம், ஆசிரியருக்கு என்ன கூலி, ஊர் எழுப்பிய வரி எவ்வளவு என்று ஊர் ஊராகக் கேட்டார். பள்ளிக் குழு தன் அறிக்கையை ஊர்க்கூட்டத்தில் வைக்க வேண்டும் என்றும் சட்டம் வந்தது. வந்த கணக்கையெல்லாம் தொகுத்து அச்சிட்டு எல்லா ஊர்களுக்கும் அனுப்பினார். பிறகு ஒரு படி மேலே போனார். ஒரு பிள்ளைக்கு எந்த ஊர் எவ்வளவு செலவிடுகிறது என்று கணக்கிட்டு, முதலிடம் முதல் கடைசி இடம் வரை வரிசைப்படுத்தி அச்சிட்டார்! தேர்வு முடிவு ஒட்டும் நாளில் அறிவிப்புப் பலகையின் முன் நாம் படும் பாட்டை அந்த ஊர்ப் பெரியவர்கள் பட்டார்கள். எந்தச் சட்டமும் வாங்க முடியாத வரியை அண்டை ஊர்க்காரன் முன் ஏற்பட்ட வெட்கம் வாங்கிக் கொடுத்தது.

அந்தப் பட்டியலில் இன்னொரு செய்தியும் தெரிந்தது. செல்வம் மிக்க ஊர்கள் எப்போதும் மேலே இல்லை. வசதியுள்ளவர் தம் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு அனுப்பிவிட்ட ஊர்களில் பொதுப்பள்ளிக்குக் கையுயர்த்த ஆளில்லை. தனியார் பள்ளிக்குக் கொட்டப்படும் பணத்தையும் சேர்த்தே கணக்கெடுத்து இதை அவர் வெளிச்சமாக்கினார். இன்று படித்தாலும் சுடுகின்ற கணக்கு இது.

எதிர்ப்பு வராமலா இருக்கும்? 1840இல் கல்வி வாரியத்தையே ஒழித்துவிட வேண்டும் என்ற முன்மொழிவு சட்டமன்றத்தில் வந்தது. 182 பேர் ஆதரித்தனர், 245 பேர் எதிர்த்தனர். வாரியம் தப்பியது. ஒழிக்க நினைத்தவர்கள் எல்லாரும் கல்விப் பகைவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். தங்கள் பிள்ளைக்கு யார் கற்பிப்பது, எதைக் கற்பிப்பது என்பதைத் தாங்களே முடிவு செய்துவந்த மக்கள், அந்த உரிமை பாஸ்டன் நகர அலுவலகம் ஒன்றுக்குப் போய்விடுமோ என்று அஞ்சினர். அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது. ஆனால் ஊரின் உரிமை என்று அவர்கள் சொன்னது, பிள்ளையின் பங்குக்குப் பத்து வாரப் படிப்பாக முடிந்ததையும் மறப்பதற்கில்லை. அந்தப் பத்து வாரத்தில் படித்தவரல்லவா மான்!

நல்ல ஆசிரியர் இல்லாமல் கணக்கு மட்டும் என்ன செய்யும்? எட்மண்ட் டுவைட் என்ற செல்வர் 10,000 டாலர் தர முன்வந்தார். மாநிலமும் அதே அளவு தந்தது. 1839 ஜூலை 3ஆம் நாள் லெக்சிங்டனில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி திறந்தது. வந்த மாணவியர் மூவர். அன்று மானின் மனம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். சில ஆண்டுகள் கழித்துப் பிட்ஸ்ஃபீல்டில் ஆசிரியர் பயிற்சி முகாமுக்குச் சென்றபோது அறை குப்பையாகக் கிடந்தது. மாநில ஆளுநர் பிரிக்ஸும் மானும் ஆளுக்கொரு துடைப்பம் எடுத்துப் பெருக்கிவிட்டுக் கூட்டத்தைத் தொடங்கினர்.

1843இல் மேரி பீபாடியை மறுமணம் செய்துகொண்டார். தேனிலவுப் பயணத்திலும் ஐரோப்பியப் பள்ளிகளையே பார்த்து வந்தார். பிரஷ்ய ஆசிரியர்கள் பிரம்பில்லாமல் கற்பிப்பதைப் புகழ்ந்து எழுதியதும் பாஸ்டன் ஆசிரியர்கள் 31 பேர் சீறி எழுந்து மறுப்பு நூல் வெளியிட்டனர். அறிக்கைப்போர் மூண்டது. 1845இல் பாஸ்டன் பள்ளிகளில் அச்சிட்ட வினாத்தாள் கொடுத்து எழுத்துத் தேர்வு நடத்தினர். முடிவு அந்த ஆசிரியர்களுக்குப் பெருமை சேர்க்கவில்லை. எழுத்துத் தேர்வு என்ற வழக்கம் அங்கே வேரூன்ற இதுவும் ஒரு காரணம் என்பதால், தேர்வுக்குப் பயப்படும் நண்பர்கள் மானிடம் கொஞ்சம் கோபம் கொள்ளலாம்.

என் கோபம் வேறு. பெண்களை ஆசிரியராக்க வேண்டும் என்று அவர் ஓயாமல் வாதாடினார். பாராட்டத்தக்கதே. ஆனால் அவர்கள் குறைந்த கூலிக்குக் கிடைப்பார்கள் என்ற கணக்கும் அந்த வாதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அடிமை முறையைச் சாடிய நெஞ்சுக்கு இந்த அநீதி ஏன் உறைக்கவில்லை?

பன்னிரண்டு ஆண்டுகளில் பன்னிரண்டு அறிக்கைகள் எழுதினார். அவர் விலகிய 1848ஆம் ஆண்டில் பள்ளிகளுக்கான பொதுச்செலவு இருமடங்குக்கும் மேலாகியிருந்தது. கட்டடங்களுக்கு இருபது லட்சம் டாலர் செலவாகியிருந்தது. சுமார் ஐம்பது உயர்நிலைப் பள்ளிகள் தோன்றியிருந்தன. பள்ளி நடக்கும் காலம் சராசரியாக ஒரு மாதம் கூடியிருந்தது. ஒரு மாதம்தானா என்று சிலர் கேட்கலாம். மாநிலத்து ஒவ்வொரு பிள்ளைக்கும், ஒவ்வோராண்டும், ஒரு மாதம்!

பிறகு ஜான் குவின்சி ஆடம்ஸ் இறந்து காலியான இடத்தில் அமெரிக்கக் காங்கிரசுக்குச் சென்று அடிமை முறைக்கு எதிராக முழங்கினார். 1853 முதல் ஓஹையோவில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து படிக்கும் ஆன்டியாக் கல்லூரியின் முதல்வராகக் கடன் சுமையோடு போராடினார். 1859 ஆகஸ்ட் 2ஆம் நாள் மறைந்தார்.

அவர் வாழ்நாளெல்லாம் சாடிய சரக முறை மட்டும் அசையவில்லை. 1853இல் ஒழித்தார்கள், சில ஆண்டுகளில் திரும்பக் கொண்டுவந்தார்கள். அவர் இறந்த 1859ஆம் ஆண்டிலும் ஒருமுறை ஒழித்து, அதே ஆண்டிலேயே மீட்டார்கள். ஊர்க்காரர்கள் தங்கள் மூலைப் பள்ளியை அவ்வளவு எளிதாக விட்டுக்கொடுக்கவில்லை. 1882இல்தான் மாசச்சூசெட்ஸ் அதை முற்றிலும் நீக்கிப் பள்ளிகளை ஊர்க் குழுவிடம் ஒப்படைத்தது. ஆறாண்டு கழித்து, தனியாக ஒரு கல்விக் கண்காணிப்பாளரை வைக்க வசதியில்லாத சிற்றூர்கள் ஒன்றுசேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளவும் சட்டம் இடம் தந்தது. ஃபிராங்க்ளின் அனுப்பிய புத்தகங்களை அந்த ஊர் நூலகம் போற்றிக் காத்துவருகிறது.