இரு மொழித் திரையை விரித்த குணரத்தினம்

கொட்டாஞ்சேனையிலே வளர்ந்த எனக்குச் சிறுபிராயத்தில் இரண்டு கோயில்கள் இருந்தன. ஒன்று அம்மன் கோயில். மற்றொன்று செல்லமஹால் படமாளிகை. ஞாயிறு மாலையில் தந்தையார் என் கையைப் பற்றி அங்கே அழைத்துச் செல்வார். கலரி வாங்கிலே அமர்ந்து, கச்சான் சுருளை மடியில் வைத்துக்கொண்டு, விளக்குகள் அணையும் வேளைக்காகக் காத்திருப்பேன். திரையில் தோன்றிய நடிகர் பெயரெல்லாம் எனக்கு மனப்பாடம். திரைக்குப் பின்னே நின்று இந்நாட்டுப் படவுலகை நடத்தியவருள் ஒருவர் பெயரையோ, பண்டிதனாகி வெள்ளவத்தையிலே குடியேறிய பின்னரே அறிந்தேன். அவரே கே. குணரத்தினம்.

இலங்கையின் படத் தொழிலை ஒரு காலத்தில் மூன்று பெரு நிறுவனங்கள் ஆண்டன. சேர் சிற்றம்பலம் கார்டினர் 1928இல் நிறுவிய சிலோன் தியேட்டர்ஸ் மூத்தது. குணரத்தினத்தின் சினிமாஸ் நிறுவனம் அதற்கு இணையாக வளர்ந்தது. தமிழகத்துப் படங்களை வரவழைத்து ஊர்தோறும் காட்டியதோடு அவர் அமைந்துவிடவில்லை. சிங்களப் படங்களையும் தயாரிக்க முனைந்தார். 1953இல் வெளிவந்த சுஜாதா பெருவெற்றி ஈட்டியது.

அவர் செய்த அருஞ்செயல் வேறொன்று. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1956இல் இயக்கிய ரேகாவ, கான் திரைப்பட விழா வரை சென்று புகழ் பெற்றது. ஆயினும் உள்நாட்டில் பொருளீட்டவில்லை. புகழுண்டு, பணமில்லை என்னும் நிலையில் இருந்த அக்கலைஞரை நம்பி, அவருடைய அடுத்த கதைப்படமான சந்தேசயவுக்கு முதலிட்டவர் குணரத்தினம். 1960இல் வந்த அப்படத்தைச் சிங்கள மக்கள் திரண்டு கண்டனர். சிங்களத் திரைக்கலையின் தந்தை எனப் போற்றப்படுபவருக்கு இக்கட்டில் கைகொடுத்தவர் ஒரு தமிழர் என்பதை நம் மாணவர் அறிதல் வேண்டும்.

தொடக்ககாலச் சிங்களப் படங்கள் பெரும்பாலும் தென்னிந்தியப் படப்பிடிப்புக் கூடங்களிலேயே உருவாயின. அக்குறையை நீக்க எழுந்த உள்நாட்டுக் கூடங்களுள் ஹெந்தளையில் அவர் நடத்திய விஜயா ஸ்டூடியோவும் ஒன்று. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் தோன்றிப் பட இறக்குமதியையும் விநியோகத்தையும் தன்கைப்படுத்திய பின்னரும் அவர் தொழிலைக் கைவிடவில்லை.

1983 ஆடி மாதம் வந்தது. அப்போது எனக்குப் பதினொரு வயது. சிங்கள அயலவர் ஒருவர் எங்கள் குடும்பத்தைத் தம் வீட்டு உள்ளறையில் மறைத்து வைத்தார். அவ்வீட்டு அம்மையார் சந்தேசயப் பாடல்களை வேலை செய்யும்போது முணுமுணுப்பவர். அந்நாட்களில் அவர் வாயில் பாட்டில்லை. யன்னல் இடுக்கின் வழியே புகை தெரிந்தது. களனி ஆற்றுக்கு அப்பால் விஜயா ஸ்டூடியோவும் அவ்வாறே எரிந்தது என்பதையும், படங்களின் மூலச்சுருள்கள் அதிலே சாம்பலாயின என்பதையும் பல்லாண்டு கழித்தே அறிந்தேன். தமிழன் உடைமை என்று தீயிட்டோர், தம் தாய்மொழியின் செல்வத்தையே எரித்தனர்.

அதன் பின்னும் குணரத்தினம் கொழும்பிலேயே இருந்தார். தென்னிலங்கைக் கிளர்ச்சியின் கொடுங்காலமான 1989இல், இந்நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

இன்று என் மாணவர் கைப்பேசியிலே படம் பார்க்கின்றனர். அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆயினும் பழைய படமாளிகைகளைப் பற்றி ஏக்கத்தோடு பேசும் என் வயதினரிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. நாம் கண்ட நாயகர்களை மட்டும் நினைந்து உருகுதல் போதாது. உங்கள் பெட்டியடியில் ஒரு பாட்டுப் புத்தகமோ விளம்பரத் தாளோ கிடந்தால் அதனைப் பேணுங்கள். பிள்ளைகளுக்குக் காட்டும்போது, குணரத்தினம் என்ற பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.